சுவரில் பத்தாம் தேதி

இருளப்பசாமி தன் மனைவியிடம் கடைசியாகக் கேட்டது தேதி.

அது அந்த வீட்டில் தினமும் நடக்கிற காரியம்தான். கல்யாணமான இருபது வருஷத்தில் அவர் தேதியைத் தானாகத் தெரிந்துகொண்ட நாள் கிடையாது. கிழமை தெரியும். சனிக்கிழமைதோறும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுக்கிற காண்ட்ராக்டருக்குக் கிழமை தெரியாமல் போகுமா? தேதிதான் மண்டையில் தங்காது. காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "ஏட்டி, தேதி என்ன?" என்பார். சிமெண்ட் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் அடுப்படிச் சுவரில் தொங்கியது. பாண்டீஸ்வரி நேற்றைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் இருப்பதைச் சொல்லுவாள். அவர் பேனாவை எடுத்து இடது மணிக்கட்டின் உள்பக்கம் அந்த எண்ணைக் குறித்துக்கொள்வார். அன்று முழுக்க எங்கே எதை எழுதினாலும் அந்தத் தேதிதான்.

அன்று புரட்டாசிக் கடைசிச் சனி. அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிற முறையும் அன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் பக்கம் முறை தவறினால் இன்னும் ஆறு நாள் காத்திருக்க வேண்டும். வாசல் குழாயில் ஒரு குடம் வழிந்துகொண்டிருக்க, இன்னொரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தவளிடம் அவர் கேட்டார். அவள் நடந்துகொண்டே காலண்டரைத் திரும்பிப் பார்த்து, "பத்து" என்றாள்.

"பத்து" என்று அவரும் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டார். தட்டைப் பென்சிலைக் காதில் செருகினார். "வாரேன்" என்றார். அவள் அதற்குள் அடுத்த குடத்துக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் ராஜபாளையத்தில் கூலி கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், பைக்கைச் சாலையோரம் நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவளிடம் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தார்கள். சாவி, செல்போன், பென்சில், ஒரு காகித உறையில் எட்டாயிரத்து இருநூறு ரூபாய். உறையை அவளுடைய அண்ணன் வாங்கிக்கொண்டான். ஆம்புலன்சுக்கும் பந்தலுக்கும் அதுதான் போயிற்று. யார் பணம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

குளிப்பாட்டும்போது அவரது மணிக்கட்டில் பேனா எழுத்து அப்படியே இருந்தது. யாரோ எண்ணெய் தொட்டுத் தேய்த்தார்கள். பாண்டீஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்ததைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. பதினாறாம் நாள் வரைக்கும் அவள் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. கண் பார்த்தது, அதோடு சரி.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுவாரம் ராஜபாளையத்திலிருந்து வெங்கடேஸ்வரி டீச்சர் பேசினார். இருளப்பசாமி கடைசியாகக் கட்டிக்கொண்டிருந்தது அவருடைய வீடுதான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பாண்டீஸ்வரி, ஒன்ன இந்த நேரத்துல கூப்பிடக் கூடாதுதான். படிக்கட்டுக்கு அடியில அந்தச் சுவர் மட்டும் பூசாம நிக்கி. நீ வந்து வாசிச்சாத்தான் முடிக்க முடியும்."

"கொத்தனார் லிங்கேஸ்வரனை வச்சு வாசிச்சுக்கிடுங்க டீச்சர். அவனுக்கு எல்லாம் தெரியும்."

"அவனை வச்சு வாசிக்க முடியாதும்மா. அதுலதான் ஒரு பேச்சு வந்திருக்கு. நேர்ல வா."

சுவரை வாசிப்பது என்பது இருளப்பசாமி தானாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வன்னியம்பட்டியில் ஒரு வீடு கட்டும்போது, பத்து மூட்டை சிமெண்டைத் தின்றுவிட்டான் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இவர் கணக்கு நோட்டை எடுத்து நீட்டினார். "நோட்டு ஒன் வீட்டுலதானப்பா இருக்கு. நீ எழுதுனா எழுதுனதுதான்" என்றார் அவர். இருளப்பசாமி நோட்டை மடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தார். "சரிதானட்டி. கணக்கு அவிய வீட்டுல இருக்கட்டும்" என்றார் மூன்றாம் நாள்.

அதிலிருந்து எந்த வீடு கட்டினாலும், மாடிப்படிக்கு அடியில் கதவளவு இடத்தில் சிமெண்ட் பாலைத் தடவி வழவழப்பாக்கி, அதன் மேல் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். தேதி, சாமான், கடை, விலை. கடைசியில் 'நமக்கு' என்று ஒரு கட்டம். நூற்றுக்கு ஏழு ரூபாய் தன் பங்கு என்பதை அதில் எழுதிவிடுவார். கம்பிக் கடையிலோ டைல்ஸ் கடையிலோ காண்ட்ராக்டருக்கென்று ரகசியமாகக் கொடுக்கிற கமிஷனை வாங்கிக்கொள்வார். அதையும் எழுதி, வீட்டுக்காரர் கணக்கில் கழித்துவிடுவார். வீடு முடிகிற சமயத்தில் இரண்டு பேரும் சுவர் முன்னால் நிற்பார்கள். காண்ட்ராக்டர் வாசிக்க, வீட்டுக்காரர் ஒவ்வொரு வரிக்கும் கோடு போடுவார். கடைசிக் கோடு விழுந்ததும் சுவரைப் பூசிவிடுவார்கள். அதற்கப்புறம் கணக்கைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது.

மற்ற காண்ட்ராக்டர்களுக்கு இது ஆகாது. "சாமி, நீ குடிச்ச டீக்காசை எந்தச் சுவத்துல எழுதுத?" என்பார்கள். வீட்டுக்காரர்களிலும் சிலருக்குப் பிடிக்காது; பால் காய்ச்சுவதற்கு முன்பே சொந்தக்காரர்கள் வந்து எம்புட்டு ஆச்சு என்று படித்துவிட்டுப் போகிறார்கள் என்று குறைப்பட்டார்கள். வெங்கடேஸ்வரி டீச்சருக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே இது பிடித்துப்போயிற்று. வாரம் ஒருமுறை வந்து கூட்டிப் பார்ப்பார். ஒருநாள் சிவப்புச் சாக்பீஸால் ஓரத்தில் 'கணக்கு சரி, கையெழுத்து சுமார்' என்று எழுதிவைத்துவிட்டார். அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி இருளப்பசாமி சிரித்தார். நாற்பத்தாறு வயதில் பரீட்சை எழுதின மாதிரி இருக்குட்டி என்றார்.

பாண்டீஸ்வரி நவம்பர் ஆறாம் தேதி பஸ் ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் உள்பக்கமாகவே உட்கார்ந்தாள். அந்தப் புளியமரம் வந்தபோது கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். எண்ணி வாங்கி முடிப்பதற்குள் மரம் போய்விட்டது.

டீச்சர் வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது. தரையில் டைல்ஸ் மேல் அட்டை விரித்திருந்தார்கள். லிங்கேஸ்வரன் ஒரு சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பதினோரு வருஷமாக இருளப்பசாமியிடம் இருக்கிற கொத்தனார். "வாங்க மதினி" என்று எழுந்தவன், அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டீச்சரின் மகன் ராம்குமார் சென்னையிலிருந்து வந்திருந்தான். கையில் போன்.

"காப்பி குடிக்கியா?" என்றார் டீச்சர்.

"வாசிச்சிட்டுக் குடிக்கேன்."

பாண்டீஸ்வரி பையிலிருந்து தட்டைப் பென்சிலை எடுத்து டீச்சரிடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் கவரில் வந்த பென்சில். பிளேடால் சீவின முனை அப்படியே இருந்தது.

படிக்கட்டுக்கு அடியில் குனிந்துதான் போகவேண்டும். லிங்கேஸ்வரன் ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தான். சுவர் முழுக்க அவருடைய எழுத்து. பார்த்தால் ஏதாவது ஆகும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ரேஷன் கடைப் பலகையைப் படிப்பதுபோல் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

"பிப்ரவரி மூணு. செங்கல் ஒரு லோடு. நமக்கு, நூத்துக்கு ஏழு. பிப்ரவரி ஆறு. எம்சாண்டு ரெண்டு லோடு..."

டீச்சர் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மார்ச், ஏப்ரல். சிமெண்ட் விலை மூட்டைக்குப் பத்து ரூபாய் ஏறியது, பிறகு இறங்கியது. ஜூனில் நாலு வரி வாசித்தாள். "இது நான் எழுதுனது. அண்ணனுக்குக் காய்ச்சல் அப்ப" என்றான் லிங்கேஸ்வரன் பின்னாலிருந்து. அவன் சொல்லியிருக்காவிட்டால் அவளுக்குத் தெரிந்திருக்காது. எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாமல் வந்தவனுக்கு எண்களைப் பழக்கிவிட்டது அவர்தான். எட்டுக்கு அடியில் இழுக்கிற வால் வரைக்கும் ஒன்றுபோல் இருந்தது.

முக்கால் மணி நேரம் போயிற்று. அக்டோபர் வந்தது. கடைசி வரி.

"பத்து. டைல்ஸ் கடை கமிஷன் எட்டாயிரத்து இருநூறு. டீச்சருக்குக் கழிக்கணும்."

"அங்கதான்க்கா. அங்க நிறுத்துங்க" என்றான் ராம்குமார். டீச்சர் கோடு போடவில்லை.

அவன் போனை நீட்டினான். ஒரு துண்டுச் சீட்டின் படம். "கூட ரெண்டு பெட்டி டைல்ஸ் வாங்க நான் அந்தக் கடைக்குப் போனேன். கமிஷன் எவ்வளவு கொடுத்தீங்கன்னு நேராவே கேட்டேன். இதை எடுத்துக் காமிச்சாங்க. உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதான?"

"ஆமா."

"தேதி பாருங்க."

கடைக்காரரின் கையெழுத்தில் பதினொன்று என்று இருந்தது.

"பதினொண்ணாம் தேதி காலைல கடை தொறந்த பிறகு வாங்கின பணம். அதைப் பத்தாம் தேதியே எப்படிச் சுவர்ல எழுதுவாரு?"

"தம்பி, நான் எழுதலைன்னு எத்தனை தடவை சொல்ல?" என்றான் லிங்கேஸ்வரன்.

"நீங்க எழுதுனீங்கன்னு நான் சொல்லலையேண்ணே."

"சொல்லாமச் சொல்லுதீய."

"சரி, சொல்லிர்றேன். அவர் போன பிறகு, நான் கடைல விசாரிச்சது தெரிஞ்சு, அவர் பேரு கெட்டுரக் கூடாதுன்னு எழுதியிருப்பீங்க. செத்த நாளைப் போட்டா இடிக்குமேன்னு முந்தின நாளைப் போட்டிருப்பீங்க. பாசத்துல செஞ்சது, நான் தப்பு சொல்லலை." அவன் பாண்டீஸ்வரி பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தினான். "ஆனா அவர் எழுதலைன்னா, அவர் அதை மறைச்சிருக்காருன்னுதானக்கா அர்த்தம்? இது ஒண்ணை மறைச்சிருந்தா மேல இருக்கற நூத்தம்பது வரியையும் நான் எப்படி நம்பறது?"

அவன் கேட்டதிலும் தப்பில்லை. வன்னியம்பட்டிக்காரர் கேட்டதும் இதே கேள்விதான். பன்னிரண்டு வருஷமாக அவர் சுவர் சுவராக எழுதி அழித்த கேள்வி, அவர் போய் ஒரு மாதத்துக்குள் படிக்கட்டுக்கு அடியில் வந்து குனிந்து நின்றது.

"எழுதுறப்ப நீ பாத்தியாலே?" என்று டீச்சர் லிங்கேஸ்வரனைக் கேட்டார்.

"பாக்கலை டீச்சர். நான் மேல தண்ணித் தொட்டியில நின்னேன். அண்ணன் மத்தியானம் வந்தாவ. டீச்சர் இல்லையான்னு கேட்டாவ. நீங்க ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தீய. சரின்னு கீழ எறங்கிப் போயிட்டாவ. அம்புட்டுத்தான் தெரியும்." பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அவனுக்கு அது தோன்றவில்லை, அல்லது வாய் வரவில்லை.

"நீ பாரும்மா. இது அவர் எழுத்தா?" என்றார் டீச்சர்.

அவர் எழுத்துதான் என்று சொல்லிவிடலாம். பஸ்ஸில் வரும்போதே, எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். அவள் சுவருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். எட்டின் வால். இரண்டின் கழுத்து. இருபது வருஷம் அவர் கிறுக்கிக் கொடுத்த எஸ்டிமேட்டையெல்லாம் வெள்ளைத்தாளில் திருத்தமாக எழுதிக் கொடுத்தவள் அவள்தான். உற்றுப் பார்க்கப் பார்க்க அது வெறும் பென்சில் கோடாகத்தான் இருந்தது.

"தெரியலை டீச்சர்" என்றாள்.

லிங்கேஸ்வரன் தலையைத் தொங்கப்போட்டான். ராம்குமார் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பதுபோல் டீச்சர் பென்சிலை அவளிடம் நீட்டினார். பாண்டீஸ்வரி அதை வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி வாசித்தாள். வாசிப்பதற்கு வேறு வரி இல்லை.

"பத்து" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் குரலிலேயே கேட்டபோது இடுப்பில் குடத்தின் ஈரம் பட்டதுபோல் இருந்தது. வாசலில் தண்ணீர் வழிகிற சத்தம். நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தது. கிழிக்காமல் சொன்னது. அதற்குப் பிறகு எண்ணெய் தொட்ட விரல் தேய்த்துக்கொண்டிருந்த மணிக்கட்டு. அதில் நீலத்தில் ஒரு ஒன்று, ஒரு சைபர்.

"இந்தத் தேதி நான் சொன்னது" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் சொன்னாள். நிதானமாக, வரி வரியாக, சுவரை வாசித்த அதே குரலில். தினமும் தேதி கேட்பார் என்பது. கையில் குறித்துக்கொள்வார் என்பது. அன்றைக்குத் தண்ணீர் வந்தது, தாளைக் கிழிக்கவில்லை, முந்தின நாள் தேதியைச் சொல்லிவிட்டேன் என்பது. "அவிய அன்னைக்குப் பூரா பத்தாம் தேதின்னுதான் இருந்திருக்காவ. குளிப்பாட்டும்போது கையில பத்துதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"செல்லுல தேதி இருக்குமேக்கா" என்றான் ராம்குமார். "கடைச் சீட்டுலயும் பக்கத்துலதான எழுதியிருக்கு?"

லிங்கேஸ்வரன் சட்டென்று சிரித்துவிட்டான். "அண்ணனா? செல்லுல தேதி பாக்கவா? மணியே என்கிட்டதான் கேப்பாவ. கடைக்காரன் சீட்டை நீட்டுனா, எங்கலே போடணும்பாவ, போட்டுட்டு வந்துருவாவ." சிரித்தவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"அம்மா, இது ஆதாரம் இல்லம்மா. அவங்க சொல்றதுதான்..."

"ஊருகோரா" என்று தெலுங்கில் அவனை அடக்கினார் டீச்சர். "முப்பத்தி நாலு வருஷம் பேப்பர் திருத்தியிருக்கேன்டா. சரியான விடைய யாரு போட்டான்னு கண்டுபிடிக்க முடியாது. தப்பு அப்படியில்ல. எவன்ட்ட இருந்து எவனுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுரும். இந்தத் தப்பு இவகிட்ட இருந்து வந்திருக்கு. லிங்கேஸ்வரனுக்கு இது எப்படித் தெரியும்?"

ராம்குமார் குனிந்து அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை பார்த்தான்.

"காலண்டர் இன்னும் அப்படியேதான் தொங்குது. யாரும் கிழிக்கலை. வேணும்னா வந்து பாருங்க தம்பி" என்றாள் பாண்டீஸ்வரி. அவள் குத்தலாகச் சொல்லவில்லை. வந்து பார்க்க வேண்டிய கணக்கு என்றால் வந்து பார்ப்பதுதான் முறை.

"வேண்டாம்க்கா" என்றான்.

"அந்தப் பணம்?" என்று டீச்சர் தயங்கிக் கேட்டார்.

"அவிய பையிலதான் இருந்துச்சு. உங்க பணம்னு தெரியாது. எங்கண்ணன் எடுத்து ஆம்புலன்சுக்கும் பந்தலுக்கும் குடுத்துட்டான். நீங்க எங்களுக்குத் தர வேண்டியதுல கழிச்சுக்கிடுங்க."

"அது போகட்டும் பாண்டீஸ்வரி. அதைப் போய்..."

"கழிச்சுக்கிடுங்க டீச்சர். அப்படித்தான எழுதியிருக்காவ."

டீச்சர் பென்சிலைத் திரும்ப வாங்கிக் கடைசி வரிக்குக் கோடு போட்டார். கோடு கொஞ்சம் கோணிப்போயிற்று. அதன் மேலேயே இன்னொரு தடவை போட்டார்.

லிங்கேஸ்வரன் எழுந்து சாந்து குழைக்கப் போனான். பாதியில் திரும்பி வந்தான். "மதினி, அந்தத் தேதிய மட்டும் பதினொண்ணுன்னு மாத்திருவமா? சைபரை ஒண்ணாக்குனாப் போதும்."

பாண்டீஸ்வரி பென்சிலைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம்" என்றாள்.

சுவரை நனைத்தான். பிடிப்பதற்காகக் கொத்துளியால் அங்கங்கே புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டான். எழுத்தின் மேல் உளி படாமல் வரிகளுக்கு இடையில் கொத்தினான். பிறகு கீழிருந்து மேலாகச் சாந்தை வீசி அடித்தான். அக்டோபர் முதலில் மறைந்தது. சிவப்புச் சாக்பீஸ் எழுத்து கடைசிவரை ஓரத்தில் தெரிந்துகொண்டிருந்தது. அவன் மட்டப்பலகை இழுத்துத் தேய்த்து முடிக்கும் வரைக்கும் அவள் காப்பி டம்ளரோடு நின்றாள். காப்பி ஆறிப்போயிருந்தது, குடித்தாள்.

"நல்லா வந்திருக்காண்ணே?" என்று ராம்குமார் லிங்கேஸ்வரனிடம் கேட்டான். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகக் கேட்டதுபோல் இருந்தது.

"ஏழு நாள் தண்ணி அடிக்கணும் தம்பி. விட்டா வெடிச்சிரும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தாள். புளியமரம் எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை.

வீட்டில் விளக்கைப் போட்டு, கைகால் கழுவி, அடுப்பில் உலை வைத்தாள். பிறகு காலண்டரின் முன்னால் போய் நின்று கிழிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகத்தான் கிழித்தாள். இருபத்தேழு தாள். ஆறாம் தேதி, வியாழக்கிழமை வந்ததும் நிறுத்தினாள். கிழித்தவற்றை மடித்துப் பழைய பேப்பரோடு வைத்தாள். மறுநாள் காலையில் இன்னொன்று கிழித்தாள், அதற்கு மறுநாளும்.

டீச்சர் வீட்டு மாடிப்படிக்கு அடியில், பூச்சுக்கு உள்ளே, தேதி பத்து என்றே இருக்கிறது.